ஹாலோவெல்லுக்கு முப்பது பேர்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹாலோவெல் நகரில் புனித ஒடிலியா பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழு கூடியது. பதினேழு உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் எடிசன் வளாகத்தை ஜூன் 28ஆம் தேதியோடு மூடுவது என்று பதினான்குக்கு மூன்று என்ற வாக்குக் கணக்கில் முடிவானது.

எடிசன் வளாகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகர் ஜூடித்துக்கு அந்தச் செய்தி பதினொன்றே முக்காலுக்கு மின்னஞ்சலில் வந்தது. முழுப் பல்கலைக்கழகத்துக்கும் போன அதே மின்னஞ்சல்தான். ஊழியர்களுக்கென்று தனியாக எதுவும் இல்லை. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த நைஜீரிய மாணவனின் படிவத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஜூடித்துக்கு வயது நாற்பத்தேழு. தூத்துக்குடிக்காரி. பதினோரு வருடமாக இந்த வேலை. புதிதாகச் சேர வரும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வளாகத்தைச் சுற்றிக் காட்டுவதும் அவள் பொறுப்பில் இருந்தது. அப்போது பல்கலைக்கழகத்தின் வரலாற்றையும் சொல்ல வேண்டும். அது அவளுக்கு மனப்பாடம். 1893இல் பவேரியாவிலிருந்து ஐந்து கன்னியாஸ்திரிகள் கப்பலில் ஹோபோக்கனுக்கு வந்தார்கள். ஆறு வருடம் துணி வெளுத்துச் சேர்த்ததை வைத்து, ஹாலோவெல் குன்றின் மேல் நொடித்துப்போன பீர் முதலாளி ஒருவரின் மாளிகையை வாங்கிப் பெண்கள் பள்ளி தொடங்கினார்கள். 1926இல் அது கல்லூரியானது. 1971இல் ஆண்களைச் சேர்த்தார்கள். 1987இல், மூடிக் கிடந்த காப்பீட்டு நிறுவனக் கட்டடம் ஒன்றை எடிசனில் வாங்கி இரண்டாவது வளாகத்தைத் திறந்தார்கள். 1998இல் பல்கலைக்கழகம்.

அவள் சொல்லாமல் விட்டதும் உண்டு. யாரும் கேட்டதில்லை. குன்றின் மேல் இருக்கும் மடத்தில் இப்போது ஒன்பது சகோதரிகள் மட்டுமே மிச்சம். ஒருவர்கூட வகுப்பு எடுப்பதில்லை. அறங்காவலர் குழுவில் இருவர் இருந்தார்கள். மற்ற பதினைந்து பேரும் வக்கீல்கள், வங்கிக்காரர்கள், மருத்துவமனை நிர்வாகிகள். மூடுவதற்கு ஆதரவாக விழுந்த பதினான்கு வாக்குகளில் அந்த இரண்டு சகோதரிகளின் வாக்கும் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

மாணவர்களில் பாதிக்கு மேல் எடிசனில்தான் படித்தார்கள். ஆனால் ஹாலோவெல் குன்றை விற்க முடியாது. இருநூற்றுப் பதினான்கு சகோதரிகளைப் புதைத்த கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறது. எடிசன் கட்டடமோ டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறும் வழியிலிருந்து ஒன்றரை மைல். சரக்குக் கிடங்கு கட்டுகிறவர்கள் இரண்டு வருடமாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரச்சினை செவிலியர் படிப்பு. அது எடிசனில் மட்டுமே இருந்தது. முதலிரண்டு ஆண்டு மாணவர்கள் எங்கேயாவது ஒட்டிக்கொள்வார்கள். மூன்றாம் ஆண்டில் நாற்பத்து நான்கு பேர். இறுதியாண்டுக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கும் செவிலியர் கல்லூரி அரிது. மருத்துவமனையில் வேலை பார்த்த நேரத்தை ஒரு கல்லூரி கணக்கிட்டதை இன்னொன்று ஏற்காது. இரண்டு வருடம் பின்னால் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

அந்த நாற்பத்து நான்கில் ஒருத்தி வெண்பா. கிட்டுசாமியின் மகள்.

கிட்டுசாமி கோபிசெட்டிபாளையத்துக்காரர். 2007இல் கணினி வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்தவர். வெண்பாவுக்கு அப்போது ஐந்து வயது. கிரீன் கார்டுக்கு மனு போட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. வரிசை நகரவில்லை. சென்ற நவம்பரில் வெண்பாவுக்கு இருபத்தொன்று ஆனதும் அப்பாவின் விசாவை ஒட்டி இருக்கும் உரிமை அவளுக்குப் போயிற்று. மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருந்தது. அதற்கு வேண்டிய ஐ-20 தாளில் கையெழுத்துப் போட்டது ஜூடித்தான். எந்தக் கல்லூரி, எந்த வளாகம், என்ன முகவரி என்று அதில் அச்சாகியிருக்கும். அந்த வளாகம் இல்லையென்றால் தாளும் இல்லை. அடுத்த பருவத்துக்குள் வேறொரு கல்லூரி அவளை எடுத்துக்கொண்டு புதுத் தாள் தர வேண்டும். தராவிட்டால், பேச வாய் திறந்தாலே ஆங்கிலம் வரும் அந்தப் பெண், ஐந்து வயதில் விட்டு வந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

மூன்றரை வருடம் முன்பு, எந்தக் கல்லூரி என்று யோசித்துக்கொண்டிருந்த கிட்டுசாமியிடம் ஒடிலியாவைச் சொன்னவள் ஜூடித். சிஸ்டர்கள் கல்லூரி, நூற்று இருபது வருடமாக நடக்கிறது, எங்கும் போகாது என்றாள். அவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. பாதிரியார்கள் நடத்திய கல்லூரியில் படித்தவர் அவர். சாமியார்கள் ஒரு பள்ளிக்கூடத்தை மூடி இருவருமே பார்த்ததில்லை. தூத்துக்குடியிலும் கோபியிலும் அப்படி நடப்பதில்லை. அமெரிக்காவில் கத்தோலிக்கக் கல்லூரிகள் மூடப்படும் செய்தி ஜூடித்தின் மின்னஞ்சலுக்கு மாதத்துக்கு ஒன்றாவது வந்துகொண்டுதான் இருந்தது. அவள் அதை மற்றவர்களின் செய்தியாகப் படித்தாள்.

மார்ச் 14 மாலை, எடிசன் வளாகத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் செவிலியர் துறைத் தலைவர் மூன்றாம் ஆண்டு மாணவர்களையும் பெற்றோரையும் சந்தித்தார். அவர் சொன்னது ஒன்றுதான். ஏப்ரல் 15க்குள் முப்பது மாணவர்கள் கையெழுத்துப் போட்டால் செய்முறைக் கூடத்தை ஹாலோவெல்லுக்கு மாற்றி, இறுதியாண்டை அங்கே நடத்தி முடிப்பார்கள். முப்பதுக்குக் குறைந்தால் முடியாது. கையெழுத்து எண்ணிக்கை கடைசி நாளுக்கு முன் வெளியே சொல்லப்படாது.

கூட்டம் முடிந்ததும் வாகன நிறுத்தத்தில் கிரீஷ் பேசினார். எடிசனில் இருபது வருடமாக இருப்பவர், பொங்கல் விழாக்களை முன்னால் நின்று நடத்துகிறவர், குடியுரிமை வாங்கியவர். மகள் ஸ்ம்ருதி வெண்பாவின் வகுப்பு. ஆளாளுக்கு ஓடினால் எல்லோரும் கெட்டோம், சேர்ந்து நின்றால் பல்கலைக்கழகம் வாக்கைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். அன்றே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியது. இரண்டு நாளில் முப்பத்தைந்து குடும்பங்கள் அதில் சம்மதம் என்று கட்டைவிரல் படத்தைப் போட்டிருந்தன. குஜராத்திகள், மலையாளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று எல்லோரும். கிட்டுசாமி கட்டைவிரலோடு நிற்காமல், “We are with you Girish” என்று ஒரு வரியும் எழுதினார்.

மார்ச் 27, புனித வாரத்தின் புதன்கிழமை, ஜூடித்துக்கு டெக்சாஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மூடப்படும் கல்லூரிகளின் ஆலோசகர்களுக்கெல்லாம் அனுப்பப்பட்ட சுற்றறிக்கை. ரவுண்ட் ராக் பக்கத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகம், செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு முடித்தவர்களை இறுதியாண்டுக்கே எடுத்துக்கொள்ளும். மூன்று இடங்கள். ஏப்ரல் 5 மாலை ஐந்து மணி கடைசி. முழுமையாக வந்துசேரும் விண்ணப்பங்களுக்கு வந்த வரிசையில் இடம்.

அவள் உடனே தொலைபேசியை எடுத்தாள். கிட்டுசாமியை அழைத்தாள்.

பதினோரு வருடமாக அப்படித்தான் செய்துவந்தாள். தமிழ் மாணவர் என்றால் அப்பாவுக்குத்தான் போன். மாணவரின் விவரங்களை மாணவரிடம் மட்டுமே பேச வேண்டும் என்பது சட்டம். பெற்றோரிடம் பேசலாம் என்று மாணவர் எழுதிக் கொடுத்தால் பேசலாம். சேரும் நாளில் அப்பா பக்கத்தில் நிற்கும்போதே தமிழ்ப் பிள்ளைகள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வெண்பாவும் போட்டிருந்தாள். மற்ற ஆலோசகர்கள் பிள்ளைகளைத் துரத்திக்கொண்டிருக்கையில் ஜூடித்தின் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும்.

கிட்டுசாமி காரில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“ஏனுங்க ஜூடித், நீங்கதான சொன்னீங்க சிஸ்டர்ஸ் காலேஜ், எங்கயும் போகாதுன்னு. இப்ப நீங்களே டெக்சாஸுக்குப் போங்கங்கறீங்க.”

“சொன்னேன்ணா. தெரியாம சொல்லிட்டேன்.”

“அப்ப இதும் தெரியாம சொல்றதா இருந்தா?”

ஏப்ரல் 5 கடைசி நாள் என்று அவள் மறுபடி சொன்னாள்.

“முப்பது பேரு வேணும். முப்பத்தஞ்சு பேரு ஓகே போட்டுருக்காங்க. புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பறதுக்கு எதுக்குங்க?”

“அனுப்ப வேண்டாம். அப்ளை மட்டும் பண்ணி வைங்க. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். ஒரு பேக்கப்.”

“ஆளாளுக்குப் பேக்கப் வெச்சா அப்பறம் முப்பது எங்கிருந்துங்க வரும்? அதத்தான கிரீஷ் தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. நானே அப்படிப் பண்ணிட்டு அவரு மூஞ்சில எப்படி முழிக்கறது?”

அது சரியான வாதம் என்று ஜூடித்துக்குப் பட்டது. யோசித்து வையுங்கள் அண்ணா என்று சொல்லி வைத்துவிட்டாள். வெண்பாவிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவர் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் பெண்ணைக் குழப்ப வேண்டாம் என்று மனைவி கண்மணியிடம் மட்டும் சொன்னார்.

வியாழன் முதல் ஈஸ்டர் திங்கள்வரை பல்கலைக்கழகம் விடுமுறை. ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை, ஜூடித்தைப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கடனாக அனுப்பினார்கள். அங்கே ஐந்து பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். மற்றவர்கள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். மதிப்பெண் பட்டியல் கேட்டு வந்த கோரிக்கைகள் விடுமுறையில் குவிந்திருந்தன. எந்த மாணவர், எந்தக் கல்லூரிக்கு அனுப்பக் கேட்கிறார் என்று பார்த்து அனுமதிக்க வேண்டும். அவள் நாள் முழுவதும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்குள் செவிலியர் மூன்றாம் ஆண்டுப் பெயர்கள் பதினெட்டு கடந்து போயின. மாலைக்குள் இருபத்தாறு. பென்சில்வேனியா, டெலவேர், நியூ யார்க். ஸ்ம்ருதியின் கோரிக்கை மார்ச் 15ஆம் தேதி காலை ஏழு மணிக்குப் பதிவாகியிருந்தது. கிரீஷ் வாகன நிறுத்தத்தில் பேசிய மறுநாள்.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் பொய் சொன்னதாக ஜூடித் நினைக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்ற முப்பத்து நான்கு பேரை நம்பித்தான் கட்டைவிரல் போட்டிருப்பார்கள். தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஓர் இடம் பார்த்து வைத்திருப்பார்கள். அவர்களால் முடியும். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் நான்கு கல்லூரியில் பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

பார்த்ததை வெளியே சொன்னால் வேலை அன்றே போகும். மூன்று மாதத்தில் எப்படியும் போகப்போகிற வேலைதான். ஆனால் ஜூன் 28வரை இருப்பவர்களுக்குத்தான் இழப்பீடு. புதன்கிழமை அவள் மறுபடி கிட்டுசாமியை அழைத்து, காரணம் சொல்லாமல், இன்றைக்கே விண்ணப்பியுங்கள் என்றாள். காரணம் கேட்டார். சொல்ல முடியாது என்றாள். அப்படியென்றால் சனி, ஞாயிறு கிரீஷோடு கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று அவள் நினைவூட்டியதற்கு, பார்க்கலாமுங்க என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் வெண்பா தானாகவே ஜூடித்தின் அறைக்கு வந்தாள். மருத்துவமனையிலிருந்து நேராக வந்தவள். நீலச் சீருடையில் காபி சிந்தியிருந்தது. கோடையில் வேலை செய்யும் அனுமதி பற்றிக் கேட்க வந்திருந்தாள். ஜூடித் அதற்கு விடை சொல்லிவிட்டு, டெக்சாஸ் விண்ணப்பம் என்ன ஆனது என்று கேட்டாள்.

வெண்பாவுக்குப் புரியவில்லை. என்ன டெக்சாஸ் என்றாள்.

ஜூடித் மின்னஞ்சலைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினாள். வெண்பா நின்றபடியே படித்தாள். தேதியைப் பார்த்தாள். இது எப்போது வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“போன புதன்கிழமை. அன்னைக்கே அப்பாகிட்ட சொன்னேன்.”

“அப்பாகிட்ட சொன்னீங்க,” என்றாள் வெண்பா. “என்கிட்ட சொல்லல. ஐ ஆம் தி ஸ்டூடன்ட், ஆன்ட்டி.”

ஜூடித் சரி என்றாள்.

வகுப்பில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றாள் வெண்பா. ஸ்ம்ருதி பிலடெல்பியாவில் முன்பணம் கட்டி அறைத்தோழியும் பார்த்தாயிற்று. யார் எங்கே போகிறார்கள் என்று பிள்ளைகள் ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள். ஹாலோவெல் என்பது பெற்றோர்களின் வேலை என்று சிரிப்பார்களாம். அவள் அதை வீட்டில் சொல்லவில்லை. தன் தாள் விவகாரத்தை அப்பாவும் ஜூடித் ஆன்ட்டியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தனக்கென்று வேறு ஏற்பாடு இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

இருவரும் அங்கேயே உட்கார்ந்து விண்ணப்பத்தைத் தொடங்கினார்கள். நான்கு மணிக்குள் கட்டுரை, மதிப்பெண் பட்டியல், மருத்துவமனை நேரக் கணக்கு எல்லாம் ஏறின. ஒன்று மட்டும் மிச்சம். வெளிநாட்டு மாணவர் என்பதால் படிப்புச் செலவுக்கு யார் பொறுப்பு என்ற கடிதமும் வங்கிச் சான்றும் வேண்டும். அதில் கிட்டுசாமியின் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் முழுமையாகாது.

அன்றிரவு அந்த வீட்டில் நடந்ததை வெண்பா பிறகு சுருக்கமாகத்தான் சொன்னாள். அப்பா முதலில் நம்பவில்லை. பிலடெல்பியாவில் முன்பணம் கட்டிய ரசீதை ஸ்ம்ருதி படமெடுத்து அனுப்பியிருந்ததை அவள் காட்டினாள். அவர் கிரீஷை அழைத்தார். கிரீஷ் கோபப்படவில்லை. அது சும்மா ஒரு பேக்கப்தான் கிட்டு, ஹாலோவெல் வந்தால் ஸ்ம்ருதி கட்டாயம் வருவாள், நீங்களும் ஏதாவது பார்த்து வைத்திருப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார். கிட்டுசாமி ஆமாம், பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நியூ ஜெர்சியில் சின்ன நிலநடுக்கம் வந்தது. வங்கியில் வரிசையில் நின்றவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சான்றில் கையெழுத்திட வேண்டிய அதிகாரி தன் பிள்ளையின் பள்ளிக்குப் போனில் முயன்றுகொண்டிருந்தார். கிட்டுசாமி ஒன்றரை மணி நேரம் காத்திருந்து தாளை வாங்கிக்கொண்டு எடிசன் வளாகத்துக்கு வந்தார். அவருக்கு ஸ்கேன் செய்யத் தெரியும். ஆனாலும் வந்தார்.

ஜூடித் தாள்களை ஏற்றினாள். மணி இரண்டு இருபது. டெக்சாஸில் ஒன்று இருபது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா, பொண்ணுங்க எல்லாம் போறது?” என்று கேட்டார்.

“தெரியும்ணா. செவ்வாக்கிழமைலருந்து.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“சொல்லக் கூடாது.”

“எங்கிட்டச் சொல்லக் கூடாதுதான்,” என்றார் கிட்டுசாமி. “வெண்பாகிட்ட அந்த மெயில அனுப்பியிருக்கலாமுல்லங்க. அது சொல்லக்கூடாத விசயம் இல்லையே. நானும்தான் சொல்லியிருக்கணும். ஒம்பது நாளு.”

அவர் எழுந்து போனபின் ஜூடித் தன் பதிவேட்டைத் திறந்தாள். சுற்றறிக்கை வந்தால் மாணவருக்குத் தெரிவித்த தேதியை அதில் எழுத வேண்டும். மார்ச் 27 என்று முன்பே நிரப்பியிருந்தாள். அதை ஏப்ரல் 4 என்று திருத்திச் சேமித்தாள்.

ஏப்ரல் 15 மாலை ஹாலோவெல்லுக்குக் கையெழுத்திட்டவர்கள் பதினொரு பேர். வெண்பா அவர்களில் ஒருத்தி. செய்முறைக் கூடம் மாற்றப்படாது என்று மறுநாள் மின்னஞ்சல் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் கிரீஷ், எல்லோரும் நம்மால் ஆனதைச் செய்தோம், பிள்ளைகள் நன்றாக வரட்டும் என்று கைகூப்பும் படத்தோடு எழுதினார். முப்பது பேர் அதே படத்தைப் போட்டார்கள். கிட்டுசாமி எதுவும் போடவில்லை. குழுவை விட்டு விலகவும் இல்லை.

டெக்சாஸ் பதில் மே 9ஆம் தேதி வெண்பாவின் பெயருக்கு வந்தது. இறுதியாண்டின் மூன்று இடங்களும் ஏப்ரல் 1க்குள் வந்த விண்ணப்பங்களுக்கே நிரம்பிவிட்டன. அவளுடையது ஐந்தாவது. இரண்டாம் ஆண்டில் இடம் தர முடியும் என்றும், மாணவர் விசாவுக்கான தாளைத் தாங்களே வழங்குவதாகவும் எழுதியிருந்தார்கள். வேறு எங்கிருந்தும் எதுவும் வரவில்லை. இந்த முறை ஜூடித் வெண்பாவை அழைத்தாள். வெண்பா ஒத்துக்கொண்டு, அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். ஜூன் 3 அன்று ஜூடித் அவளுடைய பதிவை டெக்சாஸுக்கு மாற்றினாள்.

எடிசன் வளாகம் ஜூன் 28 மாலை ஐந்து மணிக்கு மூடப்பட்டது. ஜூடித்தின் வேலை அன்றோடு முடிந்தது.

ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, வெண்பா ரவுண்ட் ராக்கில் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாள். பழைய ஐ-20இல் படிப்பு முடியும் நாள் 2025 மே என்று இருந்தது. புதியதில் 2027 மே.